கரிசல் மண்ணில் ஊறிய படகு

என் படகில் இஞ்சின் கிடையாது. டீசல் போட்டுக் கடலுக்குப் போய், பிடித்த நண்டை விற்று, அந்தக் காசுக்கு மறுபடி டீசல் போடுகிறவர்களை வேம்பார்ப் பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். காற்றுக்கு இன்னும் யாரும் விலை வைக்கவில்லை. நாலு பேர் உட்காரலாம். ஐந்தாவது ஆள் ஏறினால் தண்ணீரும் கூடவே ஏறும். ஒரு பாய், இரண்டு துடுப்பு. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வலையைப் போட்டுவிட்டு, விடிந்ததும் போய் எடுப்பேன். காற்று இல்லாத நாளில் துடுப்புப் போடுவேன். பலமாக அடிக்கிற நாளில் கரையில் உட்கார்ந்து வலையைத் தைப்பேன். பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் பிடித்தது என்னுடையது.

நான் எட்டாவதோடு நின்றவன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் இருந்தேன். கடலைமிட்டாய்க்குப் பாகு கிண்டினேன். மணியாச்சியில் தண்டவாளத்துக்கு ஜல்லி சுமந்தேன். அப்புறம் உப்பு லாரியில் கிளீனர். லாரி வேம்பார் வழியாகப் போகும்போதுதான் கடல் பழக்கமானது. அங்கே ஒரு அண்ணாச்சியின் படகில் இரண்டு வருஷம் கூலிக்குப் போனேன். பாய் விரிக்கவும் சுக்கான் பிடிக்கவும் அவரிடம் கற்றேன். அவர் ஃபைபர் படகு வாங்கியபோது, கொட்டகையில் கிடந்த பழைய மரப்படகை எனக்குக் கொடுத்தார். என்னிடம் இருந்தது பாதிப் பணம். மீதிக்கு எங்கள் ஊரான எப்போதும்வென்றானில் இருக்கிற என் அக்கா இரண்டு கிடாக்களை விற்றாள்.

சும்மா விற்கவில்லை. அந்த வருஷம் ஆட்டுப் பட்டியின் கதவு உளுத்துப்போய், நாய் புகுந்து ஒரு குட்டியைக் கடித்திருந்தது. புதுக் கதவுக்கு வைத்திருந்த கிடாக்கள் அவை.

“ஆவணி பொறக்கதுக்குள்ள இது தண்ணியில மெதக்கணும்லே” என்றாள். “இல்லைன்னா பலகைய அறுத்துப் பட்டிக்குக் கதவு போட்டுருவேன். நீ மறுபடியும் லாரிக்குப் போயிரு.”

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள். மச்சான் திருப்பூரில் இருக்கிறார். நிலம், ஆடு எல்லாம் அவள் ஒருத்திதான் பார்க்கிறாள்.

படகில் இரண்டு பலகை இற்றுப்போயிருந்தது. வேம்பாரில் ஆசாரிக் கூலி கட்டாது. எங்கள் ஊரில் நிலை, கதவு செய்கிற ஆசாரி குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டார். பங்குனிக் கடைசியில் ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து, படகை அதன்மேல் கட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்பக்கத்தில் சிவப்புத் துணி முடிந்து, ஊருக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆசாரி பலகையை மாற்றிக் கொடுத்தார். ஆடிக் காற்று அடங்குகிறவரை சின்னப் பாய்ப்படகு கடலுக்குப் போக முடியாது. அதுவரை பத்திரமாக வைக்கவேண்டுமே! நாலு கல்லைப் போட்டுத் தூக்கிவைத்தேன். ஈரம் அண்டாமல், மழை படாமல், காற்றோட்டமாக ஒரு தகரக் கொட்டகை. வண்டியோ கலப்பையோ, மரச்சாமானை எங்கள் பக்கம் அப்படித்தான் வைப்போம். நானும் அப்படி வைத்துவிட்டு, உரச் சாக்குகளைப் பிரித்துப் பாய் தைக்க உட்கார்ந்தேன். கோணல் மாணலாகத் தைத்ததைப் பார்த்துவிட்டு, அக்கா கோணி ஊசியைப் பிடுங்கி அவளே தைத்தாள்.

ஆனி மாதம் ஒரு நாள் படகுக்கு அடியில் ஆட்டுக்குட்டி ஒன்று புகுந்துகொண்டது. அதைப் பிடிக்கக் குனிந்து மேலே பார்த்தேன். பலகைக்குப் பலகை வெளிச்சம் தெரிந்தது. சில இடங்களில் விரலே போகும். தகரத்துச் சூட்டில் மரம் காய்ந்து சுருங்கி, மொத்தப் படகும் வாய் பிளந்து கிடந்தது.

சந்து அடைக்கப் பஞ்சுதான் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பருத்தி விளைகிற ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? ஒரு சாக்குப் பஞ்சு வாங்கி, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தேன். ஆரம்பிக்குமுன் எதற்கும் இருக்கட்டும் என்று வேம்பார் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

“பஞ்சத் தொட்டுராதடே!” என்று கத்தினார். “காஞ்ச மரத்துல இறுக்கி அடிச்சா, பொறவு கடல்ல ஊறி உப்பும்போது எடமில்லாம ஆணியப் புடுங்கிக்கிட்டு வந்துரும். மொதல்ல தண்ணியில முக்கிப் போடு. தானா மூடும். மூடாத எடத்துக்கு மட்டும் பஞ்சு வையி.”

“எங்க ஊர்ல தண்ணிக்கு எங்க போவ அண்ணாச்சி? கம்மாயில ஆடு மேயுது.”

“அப்ப எதுக்குடே அங்கன கொண்டு போன?”

போனை வைத்தேன். இப்போதே கடற்கரைக்குக் கொண்டுபோகலாமென்றால் வண்டிக் கூலி கையில் இல்லை. நான் முழிப்பதைப் பார்த்த அக்கா பட்டியின் பழைய கதவை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு போர்வெல் உண்டு. உப்புத் தண்ணீர். ஆடு குடிக்கும், மனுஷன் குடிக்க முடியாது. ஆடு குடிக்கிற தொட்டியிலிருந்து வழிகிற இடத்தில் மட்டும், சுற்றிலும் நிலம் வெடித்துக் கிடக்க, ஆட்டுக் குளம்பு புதைகிற அளவு சேறாகவே இருக்கும். போர் ஓடாத நாளிலும் காயாது. எங்கள் மண் அப்படி. ஒரு மழையைக் குடித்துவிட்டால் விடாது. அதை வைத்துத்தானே மானாவாரியில் விளைகிறது. ஈரத்தை விடாத மண் மரத்தையும் ஊறவைக்குமே என்று அந்தச் சேற்றில் நின்றபோது தோன்றியது.

மறுநாள் தொட்டிக்குப் பக்கத்தில் படகு நீளத்துக்குக் குழி வெட்ட ஆரம்பித்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்றார்.

“யாருக்குலே குழி?”

“படகுக்கு அண்ணாச்சி.”

“ஏன், செத்துப் போச்சா?”

நான் தொடர்ந்து வெட்டினேன். அவரே பிறகு நாலு பேரைக் கூட்டிவந்து, படகைத் தூக்கிக் குழியில் வைத்தார். வெளியே விளிம்புவரை கரிசலைக் குழைத்து அணைத்தோம். உள்ளேயும் ஒரு சாண் கனத்துக்குப் பூசினோம். தினமும் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

நடுவில் இரண்டு நாள் கோவில்பட்டிக்குச் சுமை இறக்கப் போயிருந்தேன். அதற்கு அப்புறம் ஒரு நாள் காலை தண்ணீர் ஊற்றப் போனால், படகுக்குள் பச்சையாக முளைத்திருந்தது.

“யக்கா! என்ன இது?”

“சோளம்.”

“படகுக்குள்ள சோளமா?”

“கோடையில இம்புட்டு ஈர மண்ணு சும்மா கெடக்கு. உப்புத் தண்ணிக்கு வருதோ வரலையோன்னுதான் வெதைச்சேன். ஆட்டுக்குத் தீவனம் ஆகும்லா?”

“வேரு பலகைச் சந்துக்குள்ள போவும்க்கா!”

“போனா என்ன? நீ பஞ்சு வைக்கணும்னு சொன்னேல்ல. அதுக்குப் பதிலா வேரு இருந்துட்டுப் போவுது.”

பிடுங்கவும் விடவில்லை. பிடுங்கினால் ஈர மரம் பிய்ந்துவிடுமோ என்று எனக்கும் பயம். முழங்கால் உயரம் வளர்ந்ததும் அவளே அறுத்து ஆட்டுக்குப் போட்டாள். ஆடி முடிகிற சமயம் மண்ணை வெட்டி எடுத்தோம். குனிந்து பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. ஒரே ஒரு இடத்தில், அடிப்பலகையை ஒட்டி, வெள்ளை வேர் சடைபோல் சந்துக்குள் இறங்கி, பலகைகளைச் சேரவிடாமல் நின்றது.

சுமை இறக்கிய கூலி வண்டிக்குப் போதுமாக இருந்தது. படகு காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கைப் போர்த்தி வேம்பாருக்குக் கொண்டுபோனேன். அக்காவும் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அண்ணாச்சி படகைத் தடவிப் பார்த்துவிட்டு, கத்தியால் வேரைச் சுரண்டி எடுத்தார்.

“இது என்னடே, கடல் பாசியா?”

“சோளம்” என்றாள் அக்கா.

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அந்த இடத்தில் மட்டும் பஞ்சு வைத்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். அது இறுகியதும் படகைத் தள்ளினோம்.

முதலில் தண்ணீர் கசிந்தது. கரிசல் கரைந்து கறுப்பாக வந்தது. நான் டப்பாவால் இறைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளிம்பையே பார்த்தபடி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு குறைந்தது. அப்புறம் இறைக்கத் தண்ணீர் வரவில்லை. டப்பாவைக் கீழே வைத்தேன்.

பாயை விரித்தேன். காற்று பிடித்தது. கரையோரமாகப் போய்த் திரும்பி, அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். விளிம்பில் கைவைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். படகு இறங்கி மறுபடி ஏறியது.

“சரி” என்றாள். “பட்டிக் கதவுக்கு வேற பலக பாக்கணும்.”