தீர்த்தகிரி அண்ணன் மாற்றிப் போட்ட சீட்டு

தீர்த்தகிரி அண்ணனைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். வருகிற கடிதத்தைப் பிரித்து, முத்திரை குத்தி, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மூலையில் பென்சிலால் எழுதி அனுப்புவார். லீவு கேட்டு எழுதியது ஒரு பக்கம் போகும், குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று எழுதியது இன்னொரு பக்கம் போகும். "என் மேச மேல ஒரு காயிதம் ராத்தங்குனதில்ல அம்மணி" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும். அனுப்பிய காகிதம் அதற்கப்புறம் என்ன ஆனது என்று கேட்டால் மட்டும் சிரிப்பார். அது அவர் வேலை இல்லை.

இருபது வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். சபை ரிஜிஸ்டரில் தானியேல் என்று பெயர். ஆபீசிலும் தெருவிலும் எல்லாரும் தீர்த்தகிரி என்றே கூப்பிட்டதால் சபையிலும் அதுவே நின்றுவிட்டது. மனைவி காலமான பிறகு சபைதான் அவருக்கு வீடு. பதினெட்டு வருஷமாகச் செயலாளர். ஒரு சாவிக்கொத்தைத் தொலைத்தவர் இல்லை, ஒரு கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர் இல்லை. நான் மலர்விழி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சபைக்கு வேண்டிய காகிதங்களையெல்லாம் டைப் அடித்துத் தருவது நான்தான். ஆகவே இதில் எனக்கும் பங்கு உண்டு.

வருஷம் பிறந்து இரண்டாவது சனிக்கிழமை காலையில் எங்கள் சபையில் தரிசனக் கூட்டம் நடக்கும். வருகிற பன்னிரண்டு மாதமும் சபை எதை நோக்கிப் போக வேண்டும் என்று எல்லாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்கிற நாள். வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுப்போம். எழுதி நீலப் பெட்டியில் போட வேண்டும். அண்ணன் அவற்றைப் பிரித்து, ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் சேர்த்து அடுக்குவார். போதகர் அதிலிருந்து மூன்று காரியங்களை எடுத்து வாசிப்பார். எல்லாரும் கை தூக்கி ஒப்புக்கொண்டதும் சாப்பாடு. அடுத்த வாரம் அந்த மூன்றும் பெயிண்டரைக் கொண்டு பலகையில் எழுதப்பட்டு வாசலில் ஏறிவிடும். பாதிச் சீட்டுகளில் மைக் சரியில்லை, ஃபேன் ஓடவில்லை என்றுதான் இருக்கும். அதுவும் தரிசனம்தான் என்று சாதிப்பார்கள் எங்கள் ஆட்கள்.

நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்க ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. அது ஜெப விண்ணப்பத்துக்கு. அதில் விழுகிற பெயர்களை ஞாயிறுதோறும் ஆராதனையில் வாசித்து ஜெபிப்போம்.

போன வருஷக் கூட்டத்தில் நான் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஞ்சுளா எழுதியது. பிறந்த ஊர் மேச்சேரிப் பக்கம். எங்கள் சபைக்கு வர ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். கடைசி வரிசையில் உட்காருவாள், ஆராதனை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் முருகானந்தம் ரிக் வண்டியில் போர்வெல் போடப் போனவர். பதினைந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். வடக்கே எங்கோ வேலை நடந்தபோது பைப் சரிந்து முதுகில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ப் படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் சபைக்கு வந்ததும் இல்லை, வருகிற எண்ணமும் அவருக்கு இல்லை.

சீட்டில் இப்படி இருந்தது: "எங்க ஊட்டுக்காரரு நாலு வருசமாப் படுக்கையில இருக்காரு. பிரசங்கமெல்லாம் வேண்டாமுங்க. வாரத்துல ஒரு நாளு யாராச்சும் ஒரு ஆம்பளையாளு வந்து அரை மணி நேரம் சும்மா பேசீட்டுப் போனாப் போதுமுங்க. ஆளு வந்து பேசி ரொம்ப நாளாச்சுங்க."

"பாவம், தெரியாம இந்தப் பொட்டியில போட்டுருச்சு" என்றார் அண்ணன். "இது தரிசனமில்ல அம்மணி, விண்ணப்பம்."

"ஆமாங்கண்ணா" என்றேன் நான். அந்த ஆமாவை நினைத்தால் இப்போது என் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் மூலையில் பென்சிலால் 'ஜெபம்' என்று எழுதினார். எழுந்து போய்ச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். முகத்தில் அந்தப் பழைய களை. அந்த வருஷத் தரிசனம் புது மண்டபம், ஐந்து கிராமங்களில் ஊழியம், வாலிபருக்கு இசைக்குழு என்று முடிவானது. எல்லாரும் கை தூக்கினோம். மஞ்சுளாவும் தூக்கினாள்.

மறுநாளிலிருந்து பட்டியலில் ஏழாவது வரி அவளுடையது. "சகோதரி மஞ்சுளாவின் கணவர் முருகானந்தம், சரீர சுகத்துக்காக." டைப் அடித்தது நான். அவள் சுகம் கேட்கவே இல்லை. பேச ஓர் ஆள் கேட்டாள். ஆனால் ஜெபப் பட்டியலில் அப்படி ஒரு வகை கிடையாது. ஒரு ஞாயிறுகூட அண்ணன் அந்தப் பெயரை விட்டதில்லை. வீட்டிலும் விடிகாலையில் முழங்கால் போட்டு அந்தப் பெயரைச் சொல்லுவார் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு உண்மையாக ஜெபித்தவர், இருபது நிமிஷம் டவுன் பஸ்ஸில் போனால் அந்த வீடு என்பதை ஒரு தடவையும் நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை. ஐந்து கிராமங்களுக்கு வேன் வைத்துப் போய்வந்தோம். அதில் இரண்டு தடவை வேன் மஞ்சுளாவின் தெருமுனையைத் தாண்டித்தான் போனது.

அவள் ஏன் வாய்விட்டுக் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். எழுதியே கொடுத்தாயிற்று. வாராவாரம் மைக்கில் பெயரும் வாசிக்கிறார்கள். இந்த வாரம் இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் வருவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஐப்பசியில் முருகானந்தம் போய்விட்டார். போதகர், அண்ணன், நான் மூவரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். அதற்குள் உடலை எடுத்து முடித்திருந்தார்கள். மஞ்சுளா எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். மூன்று நாற்காலி தேடுவதற்கு அவள் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அண்ணன்தான் மஞ்சுளாவிடம் பேச்சை எடுத்தார். "வாராவாரம் உங்க ஊட்டுக்காரருக்காக ஜெபிச்சோம் சாமி."

"தெரியுமுங்க. நானும் அங்கதானுங்க ஒக்காந்து ஆமென் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மொதல்ல கொஞ்ச மாசம், ஞாயித்துக்கெழமையானா சட்ட போட்டுவுடச் சொல்லுவாருங்க. சபையில இருந்து ஆளு வந்தா வெறும் ஒடம்போட படுத்திருந்தா நல்லாருக்காதும்பாரு. நானும் போட்டுவுட்டுட்டுத்தான் கெளம்பி வாரது."

போதகர் ஜெபித்தார். திரும்பி வருகிறபோது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்தச் சீட்டு நீலப் பொட்டியிலயே இருந்திருந்தா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது? இருந்திருந்தாலும் புது மண்டபத்துக்கு முன்னால் அது எடுபட்டிருக்காது என்று சொல்லி ஆறுதல்படுத்தியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்ல மனம் வரவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு ஒரே எண்ணம்தான். இந்த வருஷத் தரிசனக் கூட்டத்தில், வேறு எதுவும் ஆரம்பிப்பதற்கு முன்னால், எல்லார் முன்னிலையிலும் மஞ்சுளா காதுபட இதைச் சொல்லிவிட வேண்டும். அவள் ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொன்னால்தான் இன்னொரு பலகை எழுதத் தனக்கு யோக்யதை உண்டு என்றார். போதகர் நல்ல மனிதர், வயதில் சின்னவர். "அண்ணே, தவறு எல்லார் மேலயும்தான். தனியாப் போய் அந்த அம்மாகிட்ட சொல்லிட்டா போதுமே, சபை நடுவுல எதுக்கு?" என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "கெட்டது சபை நடுவுலதானுங்க" என்றார் அண்ணன். இதைச் சொன்ன நாளில் அவர் ராஜினாமாக் கடிதத்தையும் என் கடையில் டைப் அடித்து வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தன்று மஞ்சுளா வந்திருந்தாள். அண்ணன்தான் போனில் வருந்தி வருந்திக் கூப்பிட்டிருந்தார். வழக்கமான கடைசி வரிசை. பாட்டு முடிந்ததும் அண்ணன் எழுந்து மைக்கைப் பிடித்தார். அவருக்குக் கூட்டத்தில் அறிக்கை வாசித்துத்தான் பழக்கம். கையில் காகிதம் இல்லாமல் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"போன வருசம் நீலப் பொட்டியில மஞ்சுளா ஒரு சீட்டுப் போட்டுச்சு. ஊட்டுக்கு வாங்கன்னு எழுதியிருந்துச்சு. நாந்தான் அதச் செவப்புப் பொட்டிக்கு மாத்திப் போட்டேன். வாங்கன்னு கேட்டதை ஜெபிங்கன்னு மாத்திப்புட்டேன். நம்மள்ல ஒருத்தரும் அந்த மனுசன் மூஞ்சியப் பார்த்ததில்ல. அவரு போயிட்டாரு." அறுபத்தெட்டு வயது மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் வந்து அவரை அணைத்துக்கொண்டார். பிறகு மைக்கை வாங்கிச் சொன்னார்: "அண்ணன் உள்ளம் உடைஞ்சு நிக்கிறாங்க. எல்லாரும் எழுந்து நின்னு அண்ணனுக்காக ஜெபிப்போம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எல்லாரும் எழுந்தார்கள், கண்ணை மூடினார்கள், கையை உயர்த்தினார்கள். எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் கண்ணை மூடவில்லை. அதனால்தான் மஞ்சுளா பையை எடுத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்துவிட்டார். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே போதகரின் கையை விலக்கிவிட்டு அவள் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் பிடித்தோம். அண்ணனுக்கு இரைத்தது. "சாமி, நீ ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தார்.

மஞ்சுளா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நல்லவருங்க. எனக்கு உங்க மேல ஒண்ணுமில்லீங்க" என்றாள். பிறகு முகம் கோணியது. "ஆனா ஆடிக்கு மேல, ஆளு வருமான்னு அவரு கேக்கறதையே வுட்டுட்டாருங்க. நீ எழுதியே குடுக்கலீடி, எம்பட மனசு ஆறட்டும்னு பொய் சொல்லியிருக்கறன்னுட்டாரு. எழுதுனேனுங்கன்னு தலையில அடிச்சுச் சொன்னேன். எழுதியிருந்தா ஒருத்தனாவது வராம இருப்பானான்னாரு. கடைசி வரைக்கும் என்னைப் பொய்க்காரின்னு நெனச்சுட்டேதானுங்க போனாரு. இப்ப நீங்க மைக்குல சொன்னீங்க பாருங்க, நான் எழுதுனேன்னு. அதக் கேக்க வேண்டியவரு இல்லீங்களே."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். அண்ணன் கும்பிட்ட கையோடு நின்றார்.

அன்று சாப்பாட்டுக்கு முன்னால் இந்த வருஷத் தரிசனம் முடிவாகிவிட்டது. இது சந்திப்பின் ஆண்டு. நோயாளிகளைப் போய்ப் பார்க்க ஒரு குழு, ஏழு பேர், மாதம் ஒரு கூட்டம். பலகை வாசலில் ஏறியிருக்கிறது. அண்ணனைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். அவர் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் அந்த பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்க்கலாம். மஞ்சுளா வீட்டுக்குப் போகத்தான் வருகிறார். இரண்டு பஸ், மூன்று பஸ் போகும்வரை நிற்பார். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை அம்மணி என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பிவிடுவார். மஞ்சுளா எங்கள் சபைக்கு வருவதை நிறுத்தி ஏழு மாதமாகிறது. நானும் இன்னும் போகவில்லை. சந்திப்புக் குழுவுக்கு மாதாமாதம் பட்டியல் டைப் அடித்துக் கொடுக்கிறேன்.