தட்டின் அந்தப் பக்கம்

கரமனையில் குடியிருந்த தாசையனுக்கும் அவர் மனைவியின் தம்பி லிங்கராஜுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தாசையனின் மகன் முறைமாப்பிள்ளையாக இருக்க, லிங்கராஜ் தன் மகள் அஜிதாவை வெளியில் கட்டிக்கொடுத்ததால் வந்த வீம்பு. இத்தனைக்கும் மகனுக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. அப்பனுக்குத்தான் மானம் போய்விட்டதாம்.

ஆனால் களிமண் ஆலையில் இருவருக்கும் ஒரே ஃபில்டர் பிரஸ். வெள்ளைக் களிமண் குழம்பைத் துணி போர்த்திய தட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் தண்ணீர் வடிந்து மண் கட்டியாகிவிடும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தட்டை நகர்த்தினால்தான் கட்டி கீழே விழும். தாசையன், "பிடி" என்பார். கட்டி விழுந்ததும் லிங்கராஜ், "விடுங்க" என்பார். முன்பெல்லாம், "விடுங்க அத்தான்" என்றுதான் சொல்வார். சண்டைக்குப் பின் அத்தான் மட்டும் காணாமல் போனது.

"மிண்டாத ரெண்டு பேருதான் இங்க அதிகமா பேசுதாவ" என்று சூப்பர்வைசர் தாணுமாலையன் கேலி செய்வார். லிங்கராஜுக்குக் காய்ச்சல் என்றால் அன்று தாசையனின் "பிடி" மெதுவாக வரும். அதை யாரும் கேலி செய்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் தானியங்கி பிரஸ் வந்தது. சங்கிலி தட்டுகளை இழுத்தது. கட்டி தானாக விழுந்தது. பட்டன் அமுக்கத் தாசையன் ஒருவர் போதும். லிங்கராஜ் மறுகோடியில் மூட்டை கட்டப் போனார். தாசையனுக்கு முதுகுவலி விட்டது, நிம்மதியும் விட்டது.

"மெஷினு வந்தாச்சு. இனி எப்பம் மிண்டுவிய? போயி ஒரு வார்த்த பேசுங்க" என்றாள் மனைவி லீலாபாய்.

"அவன் வரட்டு."

லிங்கராஜ் வரவில்லை. மறுவருஷம் மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தம்பி ஒங்களத்தான் கேக்கான்" என்று லீலாபாய் அழுதாள். தாசையன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வார்டு வரை போனார். வாசலில் அஜிதாவின் கணவன் ஜினு நின்றான். அவனைக் கண்டதும் திரும்பிவிட்டார். பாழாய்ப்போன வீம்பு. மறுநாள் லிங்கராஜ் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க ஆளுக்கொரு பக்கம் கயிறு பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் ஜினு. "பிடி" என்றார் தாசையன், பழக்கதோஷத்தில். பெட்டி அடியில் அமர்ந்தது. எல்லோரும் கயிற்றை விட்டார்கள், அவர் விடவில்லை.

ஜினு வந்து அவர் கையைத் தொட்டான். "மாமா, விட்டிருங்க."

"அவன் சொல்லட்டு" என்றார் தாசையன்.