கீமோ காய்ச்சலும் வேப்பிலையும்

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாயைச் சுற்றிக் கொப்புளங்கள். சித்திரை மாதம் வேறு. பார்த்ததும் என் அக்கா, "ஆத்தா வந்துகீறா. ஊசி போட்டா கோச்சுக்குவா" என்றாள். நான் வாசலில் வேப்பிலை செருகினேன்.

"மொட்டத் தலைலயா ஆத்தா வந்து குந்துவா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்றாள் மனைவி. காய்ச்சல் என்றால் உடனே வரும்படி டாக்டரும் சொல்லியிருந்தார். அக்காவை எதிர்க்கத் துணிவில்லாமல், "தலைக்குத் தண்ணி ஊத்தினதும் போலாம்" என்றேன்.

மறுநாள் அவளுக்கு நினைவு தடுமாறியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். "வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைஞ்சு, கிருமி ரத்தத்துல பரவிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். வெள்ளை அணுக்களைப் பற்றி வருடக்கணக்கில் பாடம் நடத்தியவன் நான். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

கீமோ இன்னும் முடியவில்லை. இப்போது அவளுக்கு உடம்பு சுட்டால் நான் யாரையும் கேட்பதில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுகிறேன். போன முறை வெறும் சளிதான். "இதுக்கா இம்மாந்தூரம் அலைய வெச்சீங்க?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டட்டும்.