பாதிப் பாடமும் பதினோரு பூசணியும்

என் பேத்தி பதினொன்றாம் வகுப்பில் விவசாயப் பாடம் எடுத்திருக்கிறாள். "மண்ணு கொத்தறதுக்கா இவள இவ்வளவு தூரம் படிக்க வெச்சோம்?" என்று என் மகன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே வார்த்தையை இதே கோபத்தோடு சின்ன வயதில் கேட்டவள் நான். அன்றைக்குச் சொன்னது என் அப்பா.

அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி ஒரு தோட்டம். பிள்ளைக்கு ஒரு பாத்தி. வெள்ளிக்கிழமை கடைசி மணி தோட்டப் பாடம். வாய்ப்பாட்டில் நான் கடைசி, பாத்தியில் முதல். என் தக்காளிச் செடி மாதிரி நிமிர்ந்து நின்ற செடி அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் எங்களை வெண்பூசணிக் கொடியருகே நிற்க வைத்து இரண்டு பூக்களைக் காட்டினார். ஒன்றின் அடியில் குண்டுமணிபோல ஒரு பிஞ்சு. அது பெண் பூ. இன்னொன்று வெறும் காம்பில் நின்றது; அது ஆண் பூ. "இது காய்க்காது" என்று டீச்சர் சொல்லி வாயை மூடவில்லை, பெல் அடித்துவிட்டது. மீதியைக் கேட்க யார் நின்றார்கள்? பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அந்த வருஷம் அப்பா ஆயுத பூஜையை நம்பி வெண்பூசணி போட்டிருந்தார். லாரிக்காரர்கள் திருஷ்டி சுற்றி உடைப்பார்களே, அந்தக் காய். ஆடி மாதத்தில் கொடி முழுக்க மஞ்சள் பூ. பாடம் கேட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் முக்கால்வாசியும் ஆண் பூ! காய்க்காத பூவுக்கு எதற்குத் தண்ணீர், எதற்கு எரு? உட்கார்ந்து தின்கிற கூட்டம் என்று முடிவு கட்டினேன். ஒரு வாரம், விடியும்போதே எழுந்து ஒன்று விடாமல் பறித்து ஆட்டுக்குப் போட்டேன். ஆட்டுக்கு நல்ல வாரம்.

பெண் பூக்களின் பிஞ்செல்லாம் மஞ்சளாகி வெம்பிப் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "எவன் கண்ணோ பட்டுடுச்சு" என்று பிய்ந்த செருப்பு ஒன்றைக் கொடிக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டார். திருஷ்டிப் பூசணிக்கே திருஷ்டி கழித்தவர் எங்கள் அப்பா ஒருவர்தான்.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. வெட்டியா நின்ன பூவையெல்லாம் நான்தான் பறிச்சேன். டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன். பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

"டீச்சரம்மா, மண்ணு கொத்தறதுக்கா புள்ளய இங்க அனுப்பறோம்? கொத்தறதுக்கு எங்க வூட்டுலயே நெலம் கெடக்குதுங்க. நாளையிலருந்து இவ மாடு மேய்க்கட்டும்."

என் தக்காளி அப்போதுதான் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதற்குள் மாடா?

நான் செய்த காரியத்தைக் கேட்டு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கத்தான்.

"நான் பாதிதாங்க சொன்னேன், அதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு. மீதிப் பாதியை ரெண்டு பேருமே கேட்டுட்டுப் போங்க."

டீச்சர் எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஓர் ஆண் பூவைப் பறித்தார். இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருந்த மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவினார். "இது பட்டாத்தான் அது காய்க்கும். இவ கெடுத்ததை இவளே சரி பண்ணட்டும். எங்க தோட்டத்துலருந்து தினம் ஆண் பூ கொண்டு போகட்டும். பிஞ்சு நின்னா பள்ளிக்கூடம். நிக்கலீன்னா மாடு. சரிதானுங்களா?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

பத்து நாள். விடிகிற நேரத்தில் பள்ளித் தோட்டத்துக்கு ஓட்டம். தூக்குப்போசி நிறையப் பூவோடு திரும்பவும் கொல்லைக்கு ஓட்டம். வெயில் ஏறினால் பூ வாடிவிடும். அப்பா வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார். "பூவுக்கும் பூவுக்கும் கல்யாணம் பண்ற அய்யர் வந்துட்டாருடோய்" என்பார். அம்மா, "அய்யருக்குக் கூழாவது ஊத்துங்க" என்பாள்.

பதினோரு பிஞ்சு நின்றது. கறுப்பு நூலில் காம்புக்கு அடையாளம் கட்டினேன். அப்பா மாட்டைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. ஆயுத பூஜையன்று அதியமான்கோட்டை ரோட்டில் ஒரு டிரைவர் என் காயைச் சுற்றித் தரையில் போட்டு உடைத்தபோது நான் அழுத அழுகையில், அந்த லாரிக்குத்தான் திருஷ்டி பட்டிருக்கும்.

ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. அடுத்த பள்ளிக்கூடம் தூரம். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, எங்கள் பக்கத்தில் விதைக் கம்பெனிக்காரர்கள் கிராசிங் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு செடியின் ஆண் பூவை எடுத்து வேறொரு செடியின் பெண் பூவில் வைத்து வீரிய விதை எடுக்கிற வேலை. "முன்னாடி செஞ்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டான் சூப்பர்வைசர் தம்பி. "நாலாவது படிக்கறப்ப செஞ்சேங்க" என்றேன். சிரித்தான். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றது. என் வரிசையில் ஒரு பிஞ்சும் உதிரவில்லை. பிறகு நான் இருபது பெண்களுக்கு மேஸ்திரி.

அந்த வேலையில்தான் ஒன்று தெரிந்தது. நான் பறிப்பதை நிறுத்தியிருந்தாலே போதும். இரண்டு மூன்று நாளில் எங்கள் கொடியிலேயே ஆண் பூ மலர்ந்திருக்கும், மீதியைத் தேனீ பார்த்துக்கொண்டிருக்கும். டீச்சருக்கு அது தெரியாமலா இருக்கும்? பிஞ்சு எப்படியும் நிற்கும் என்று தெரிந்தேதான் பந்தயம் கட்டியிருக்கிறார்.

அப்பாவுக்குப் பாடம் தெரியாதே தவிர, கொடி தெரியும். பறித்தால் மறுபடி பூக்கும் என்று அறியாத மனிதரா? ஆனாலும் அந்தப் பத்து நாளும் எனக்கு முன்னால் எழுந்து வந்து வரப்பில் நின்றார். கேலி செய்ய வருகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.