பொன்முடி வளைவில் அணைந்த ஹெட்லைட்

அப்பா விட்டுப்போன பழைய அம்பாசடரைப் புதுப்பித்தபோது ஹெட்லைட்டுகளை நானே கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இரும்புக் கிண்ணத்தில், தொழிற்சாலையில் அடித்த சாம்பல் பெயின்ட் அப்படியே இருந்தது. எர்த் ஒயரை முறுக்கும் ஸ்குரூவுக்கு அடியில் மட்டும் காசளவு வெற்று இரும்பு. அன்றைக்கு யாரோ அடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிழக்கேகோட்டைப் பக்கத்துப் பட்டறையில் இரண்டு கிண்ணங்களையும் பளபளவென்று முழுக்கப் பூசித் தந்தார்கள்.

முதல் ஓட்டம் பொன்முடி மலைக்கு. நான் ஓட்டினேன், கணவர் பக்கத்தில். மாலையில் இறங்கும்போது பனி மூடிவிட்டது. சில வளைவுகள் தாண்டியதும் வெளிச்சம் மங்கி, ஒரு குலுக்கலில் இரண்டு பக்கமும் அணைந்தது. முன்னால் வெறும் வெள்ளை.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்தினார் கணவர்.

"நிப்பாட்டினா பின்னால வாறவன் இடிச்சிருவான்."

"நகந்தா கீழ போயிருவோம் பாத்துக்க."

நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து காலை வைத்தார். உடனே உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு சாண் புல், அப்புறம் பள்ளம். நான் இறங்கி வழிவிட்டதும் என் பக்கமாக இறங்கி, போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

இரண்டும் ஒன்றாக அணைவானேன்? அப்போதுதான் அந்த வெற்று இடம் ஞாபகம் வந்தது. கரன்ட் திரும்பிப் போக இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டும். அதற்காகவே விட்டிருக்கிறார்கள். புதுப் பெயின்ட் அதை அடைத்துவிட்டது. இதுவரை ஸ்குரூ மரையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது குலுக்கலில் விட்டுப்போயிருக்கும்.

ஸ்குரூ டிரைவரோடு, என் போன் வெளிச்சத்தில் வண்டியின் முன்னால் மண்டியிட்டேன். வளையத்தையும் விளக்கையும் கழற்றி, ஸ்குரூவைத் தளர்த்திச் சுரண்டினேன். ஸ்குரூ டிரைவர் வழுக்கி விரலில் குத்தியது. மேலே பஸ் ஹாரன் கேட்டது. அடுத்த ஹாரன் இன்னும் பக்கத்தில். அவர் கத்துவதும் கேட்டது. ஸ்குரூவை முறுக்கி விளக்கைத் திரும்ப மாட்டினேன். ஒரு பக்கம் பளிச்சென்று எரிந்தது.

பஸ் எங்கள் பின்னால் கீச்சென்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"சேச்சி, பேடிக்கண்டா. நான் முன்னால போறேன், பின்னாலயே பதுக்கெ வாங்க."

பயப்பட வேண்டாம், மெதுவாக வாங்க என்கிறார். கணவர் ஏறிக்கொண்டதும், பஸ்ஸின் சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் மலையிறங்கினேன்.

அடிவாரத்து வித்துராவில் நிறுத்தியபோது ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்கள் பிரியவில்லை. கணவர்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தார். வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, இருவரும் எங்களுக்காக நின்றிருந்த அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்.