மிஷின் கண்ணில் படாத கன்னியம்மா

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நாங்கள் மாட்டிய மிஷின், கறுத்த முகங்களை முகம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கேமராவுக்கு ஆள் அடையாளம் கற்றுக்கொடுப்பது என் தொழில். முகம் தெரிந்தால் கேட் திறக்கும், வருகை பதியும். கம்ப்யூட்டரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

ஆப்சென்ட்

கன்னியம்மா ஊத்துக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். வார்ப்புப் பட்டறையில் வேலை. மிஷின் முன்னால் நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார். கேட் அசையவில்லை. வாரம் முழுக்க ஆப்சென்ட். இப்படியே போனால் வேலை கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நேரே என்னிடம் வந்தார்.

“இன்னா சார், வேர்த்துக்கினு ஓடியாந்து எதுர்ல நிக்கிறேன், ஊட்ல தூங்குறேன்னு சொல்லுது உன் மிஷினு?”

வைத்தியம்

மறுநாள் கேட்டருகே ஒரு பவுடர் டப்பா. மேனேஜர் ஏற்பாடு. பூசிக்கொண்டவர்களில் சிலருக்குத் திறந்தது. கன்னியம்மா டப்பாவைத் தொடவில்லை, வெளியிலேயே நின்றார். நான் அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். மேனேஜர் ஓடி வந்தார்.

“பவுடர் பூசுறதுல இன்னா சார் கஷ்டம்? நான்கூட தினம் பூசுறேன்!”

நாலு பேர்

கோளாறு மிஷினில் இல்லை, பாடத்தில். அதற்குக் கற்றுக்கொடுக்கத் தொழிற்சாலை தந்த படங்கள் எல்லாம் ஆபீஸ்காரர்களுடையவை. ஏ.சி. அறை, ட்யூப்லைட், சிவந்த முகம். அதையே பார்த்து வளர்ந்தது வேறு எதைக் கண்டுகொள்ளும்? புதிதாகப் படம் எடுக்க வேண்டும், அதுவரை கேட் திறந்தே இருக்கட்டும் என்றேன். என் முதலாளி போனில் பாய்ந்தார்.

“ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒழுங்கா வேலை செய்யுது, நாலு பேருக்காக மாத்தணுமா பெரியவரே?”

பிளக்

பாதி ஷிப்ட் வெளியே நிற்கிறது, நாலு பேராம். பேச்சு முடியுமுன் போனை வைத்தேன். என்னோடு வேலை பார்த்த ஷமீமா, பழவேற்காட்டுப் பெண், கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். மிஷின் முன்னால் போய் நின்று பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கேட்டைத் தள்ளினாள். கன்னியம்மா முதல் ஆளாக உள்ளே போனார். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று மேனேஜர் குதித்தார்.

“மிஷினைத்தான் கேட்டேன் சார், அது கண்ணுக்கு நானும் தெரியலையாம்.”

ஆக, கத்தியதெல்லாம் நான். வாசலிலேயே நின்று, கறுத்த முகங்களை ஒன்று விடாமல் படமெடுத்து, மிஷினுக்கு மறுபடி பாடம் நடத்தி, கன்னியம்மாவின் வேலையை மீட்டது ஷமீமா.