பின்னறைத் தராசும் யோகராணி அன்ரியும்

நோர்வேயில் நீதி என்று ஒன்று இருந்தால் அது பாராளுமன்றத்தில் இல்லை. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் பக்கத்து வீட்டு யோகராணி அன்ரியின் குசினியில் இருக்கிறது. அவர் ஒரு கிலோ என்று சொன்னால் உலகத்துத் தராசுகள் எல்லாம் எழுந்து நின்று தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். வடகோடி ஹம்மர்பெஸ்டில் கோடை முழுக்கச் சூரியன் மறையாமல் நிற்பதுகூட, ஒரு காலத்தில் அன்ரி அங்கே மீன் வெட்டிய அழகைப் பார்த்த மயக்கத்தில்தான்.

மீன் தொழிற்சாலையை விட்டு ஒஸ்லோவுக்கு வந்த அன்ரி, கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் துணி துவைப்பார். சனி ஞாயிறில் மிளகாய் வறுத்துத் தூள் இடிப்பார். சேவல் படம் போட்ட சமையலறைத் தராசில் நிறுத்து, பை பையாகக் கட்டி, அருட்செல்வம் அண்ணையின் கடைக்குக் கொடுப்பார். அண்ணை அதைப் பின்னறைத் தராசில் ஏற்றுவார். ஒவ்வொரு முறையும் குறையும்.

அது குறைந்ததுகூடப் பெரிதில்லை. கடை நிறையச் சனம் நின்ற ஒரு சனிக்கிழமை, அண்ணை பகிடியாகச் சொன்னார்:

“யோகராணி அக்கான்ர கிலோவுக்குத் தொளாயிரம் கிராம்தான்!”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் ‘தொளாயிரம் அக்கா’. கோயிலிலும் அதே பெயர்.  அன்ரி மிளகாயை வறுக்கும்போது அண்ணையையே சட்டியில் போட்டு வறுப்பதுபோலக் கரண்டியைக் கிண்டத் தொடங்கினார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய வேலை எதுவும் இல்லை. அநேகமாக நான் அங்கே போவதே இல்லை. ஆகவே கடையை வேவு பார்த்தேன். முன்மேசைத் தராசில் அரசாங்கம் சோதித்ததற்கான அடையாளம் ஒட்டியிருந்தது. பின்னறையில் கிடந்த பழைய தராசில் ஒரு ஈ, இலையான்கூட ஒட்டவில்லை. தராசுகளைச் சோதிக்கும் அலுவலகத்துக்கு அன்ரி பக்கத்தில் இருக்க நான்தான் தொலைபேசி எடுத்தேன்.

“அவன்ர கடையை இழுத்து மூடச் சொல்லு. அந்தத் தராசை அவன்ர கழுத்திலை கட்டிக் கடலுக்கை தள்ளச் சொல்லு.”

“அன்ரி, கடல் வேறை திணைக்களம்.”

“அப்ப அந்த நம்பரையும் எடு.”

இரண்டு கிழமை கழித்து, இரும்பு எடைக்கற்கள் நிறைந்த பெட்டியோடு ஒரு பெண் அதிகாரி கடைக்குள் போவதைக் கண்டேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அன்ரி சேவல் தராசை அங்கிக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

நாங்கள் போனபோது எமிலி என்ற அந்த அதிகாரி பின்னறைத் தராசில் பத்துக் கிலோ கல்லை ஏற்றியிருந்தார். தராசு ஒன்பதைக் காட்டியது. வாங்கி விற்கும் இடத்தில் அனுமதியில்லாத தராசு வைத்ததற்குத் தண்டம், தராசுக்குத் தடை என்று எமிலி சொல்லச் சொல்ல, அண்ணையின் முகம் உரித்த வெங்காயமாகியது. அன்ரியின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அண்ணை சும்மா விடவில்லை. நோர்வேஜிய மொழியில், “இந்த அம்மாவும் வீட்டில் நிறுத்துத்தான் விற்கிறார். அவருடைய தராசுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்” என்றார்.

எமிலி அன்ரியைப் பார்த்துக் கேட்டார். அன்ரி என்னிடம் தமிழில் சொன்னார்:

“ஓம், இதிலைதான் நிறுத்து விக்கிறனான் எண்டு சொல்லு. இஞ்சை எல்லாற்றை முன்னாலையும் சோதிக்கச் சொல்லு.”

அன்ரிக்கும் தண்டம் விழுந்துவிடும் என்று பயந்து நான் எமிலியிடம் சொன்னேன்: “இது கேக் செய்கிற தராசு. வீட்டுப் பாவனைக்கு.”

எமிலி தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

“நில்லுங்கள்!”

அன்ரிதான். வடக்கத்தி நோர்வேஜியத்தில், மீன்காரர் கத்துகிற மாதிரி. “இது விற்கிற தராசு. பொடியன் பொய் சொல்கிறான். கல்லை வையுங்கள், பிறகு தண்டத்தை எழுதுங்கள்.”

எமிலி ஒரு கிலோக் கல்லை வைத்தார். சேவலுக்குக் கீழே ஆயிரத்து நாலு கிராம் என்று விழுந்தது. கடை முழுக்க எட்டிப் பார்த்தது. அன்ரி ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். அன்று சிரித்தவர்களின் முகத்தில் கூடுதல் நேரம் பார்வையை நிறுத்தினார்.

சரியாக நிறுத்தாலும் சமையலறைத் தராசில் வியாபாரம் செய்ய முடியாது என்று எமிலி மெதுவாகச் சொன்னார். அன்ரிக்கும் ஒரு கடிதம் வரும். அதுவரை தூள் விற்கக்கூடாது.

“வரட்டும்,” என்றார் அன்ரி. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஹம்மர்பெஸ்டிலை நான் என்ன தமிழிலையோ கதைச்சு மீன் வெட்டினனான்? எனக்கு விளங்காதெண்டு நினைச்சு, கேக் எண்டனீ என்ன?”

“சும்மா பகிடிக்கு, அன்ரி.”

“பகிடியோ? அப்ப கண் ஏன் கலங்குது?”

“மிளகாய்த்தூள் நெடி.”

“நான் இண்டைக்குத் தூள் கொண்டுவரேல்லையடா.”